வி.எஸ்-17 சிக்னல் துணி: வாங்கலாமா? ரிவ்யூவோடு கொஞ்சம் போர்க்கதையும்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், நைலான் துணி. ஒரு பக்கம் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு, திருப்பினால் அடர் ரோஸ். ஓரங்களில் கட்டுவதற்குக் கயிறு, மடித்து வைக்க பிரஸ் பட்டன். இதுதான் மொத்தப் பொருளும். அமெரிக்க ராணுவத்தில் வி.எஸ்-17 என்று கூப்பிடுகிற சிக்னல் பேனலின் நகல் இது. ராணுவம் கழித்துப் போட்ட அசல் சரக்கு என்று சில இடங்களில் விற்கிறார்கள், நான் வாங்கியது அப்படியல்ல, அதே அளவில் தைத்து ஆன்லைனில் விற்கிறது. விலை ஆயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிட்டது.

மலையேறப் போகிறவர்கள், பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்கள் இதை வாங்குவது ஒரே காரணத்துக்காக. எங்காவது மாட்டிக்கொண்டால் விரித்துப் போட்டுவிடலாம், மேலே வருகிற ஹெலிகாப்டருக்கோ எதிர்மலையில் தேடுகிறவர்களுக்கோ தெரியும். ராணுவத்தில் இதன் முக்கிய வேலை வேறு. வண்டியின் மேல் இதைக் கட்டி வைப்பது, வானத்தில் இருக்கிற தங்கள் விமானிக்கு "கீழே இருப்பது நம்மாள், சுட்டுவிடாதே" என்று சொல்வதற்கு. எதிரியின் குண்டுக்குப் பயந்து கவச வண்டிக்குள் இருக்கிறவன் தன் படையின் குண்டுக்குப் பயந்து அதன் கூரையில் துணி கட்ட வேண்டியிருக்கிறது. இந்த ரிவ்யூ அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறது, துணியைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

தரம் எப்படி? துணி நன்றாக இருக்கிறது. கனமில்லை, பைக்குள் சுருட்டிவைத்தால் தெரியாது, நனைந்தால் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. தையல் சுமார். மூலையில் கயிறு கோக்கிற வளையங்கள் இரண்டு பிரிந்து வந்தன, தையல்காரரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டு வாங்கினேன். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. வாங்கியதும் முதல் வேலையாக வளையங்களை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சோதனை. மாமனார் ஊர் முதுகுளத்தூர் பக்கம். மச்சினன் கல்யாண வீடுகளுக்கு ட்ரோன் வைத்துப் படம் எடுக்கிறவன், அவன் ட்ரோனை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு குட்டியானை வண்டியின் கூரையில் பேனலை விரித்துக் கட்டி, கரிசல் காட்டு ஓரமாக நிறுத்தினோம். ஐம்பது மீட்டர் உயரத்தில் ஆரஞ்சு சும்மா தெறிக்கிறது. நூறைத் தாண்டியதும் வெயிலில் மினுங்கும் போன் திரையில் அது ஒரு சின்னச் செவ்வகக் கறை. பக்கத்தில் நின்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, விஷயமே தெரியாத ஒரு பையன் கேட்டான்: "ஏண்ணே, வண்டி மேலயுமா வத்தலக் காயப் போட்ருக்காக?" மச்சினன் சிரித்துவிட்டு, "அத்தான், உங்க சிக்னலு வத்தலாயிருச்சு" என்றான்.

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. முண்டு மிளகாய் சீசன். சுற்றிலும் களத்தில், ரோட்டோரத்தில், தார்ப்பாயில் எங்கே பார்த்தாலும் வத்தல்தான் காய்ந்துகொண்டிருந்தது. அவன் கண்ணுக்கு ஆரஞ்சு தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரிந்தது. தெரிந்த நிறத்துக்குத் தனக்குப் பழகிய அர்த்தத்தைக் கொடுத்துக்கொண்டான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 2003, ஈராக்.

மார்ச் 28, பாஸ்ராவுக்கு வடக்கே. பிரிட்டனின் ப்ளூஸ் அண்ட் ராயல்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கவச வண்டிகள் சில, சிமிட்டார் என்கிற இலகு ரகம், படைக்கு முன்னால் வேவு பார்க்கப் போய்க்கொண்டிருக்கின்றன. கூரைகளில் இதே மாதிரி ஆரஞ்சு அடையாளப் பேனல்கள். மேலே இரண்டு அமெரிக்க ஏ-10 விமானங்கள், ஐடஹோ மாநிலத்தின் ஏர் நேஷனல் கார்டு என்கிற துணை விமானப்படையைச் சேர்ந்தவை. அவர்களுக்குக் கொடுத்திருந்த வேலை, அந்தப் பகுதியில் ஈராக்கியரின் பீரங்கிகளையும் ராக்கெட் வண்டிகளையும் தேடி அழிப்பது. அதாவது, மண்டைக்குள் ராக்கெட்டை வைத்துக்கொண்டு கீழே பார்க்கிறார்கள்.

விமானிகள் பேனல்களைப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை உலுக்கிய இடம். காக்பிட்டில் பதிவான ஒலி 2007 பிப்ரவரியில் வெளியே கசிந்தது, அதில் தெளிவாக இருக்கிறது. ஆரஞ்சு பேனல் மாதிரி ஏதோ தெரிகிறதே, இந்தப் பக்கம் நம்மாட்கள் இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்கிறார். தரையிலிருந்து வழிகாட்டுகிறவரிடமும் விசாரிக்கிறார்கள், இவ்வளவு வடக்கே நம் ஆட்கள் யாரும் இல்லையே என்று. இல்லை, நீங்கள் நம் ஆட்களை விட்டு நன்றாகத் தள்ளித்தான் இருக்கிறீர்கள் என்று பதில் வருகிறது. வழிகாட்டுகிறவர் மனதில் இருந்த இடம் ஒன்று, விமானிகள் பார்த்துக்கொண்டிருந்த இடம் இன்னொன்று. ஒரே ரேடியோ, இரண்டு இடங்கள், இரண்டு பேருக்கும் அது தெரியாது. அதற்கப்புறமும் விமானி ஒருமுறை ஆரஞ்சைப் பற்றி முனகுகிறார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்கிறார் மற்றவர். கொஞ்ச நேரத்தில் பேச்சில் ஆரஞ்சு பேனல் போய், ஆரஞ்சு ராக்கெட் வந்துவிடுகிறது. அந்த நிறம் அதுவேதான், கண்ணும் அதுவேதான்.

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. ஏ-10 மூக்கில் இருக்கிற 30 மி.மீ. பீரங்கி நிமிடத்துக்கு 3,900 குண்டுகள் வேகத்தில் சுடக்கூடியது. இரண்டு முறை தாழ்ந்து வந்து சுட்டார்கள். ஒரு வீரர் செத்துப்போனார், பலர் காயப்பட்டார்கள். அங்கே ஓட்டுநராக இருந்த 18 வயதுப் பையன் கிறிஸ்டோபர் ஃபின்னி, எரிகிற வண்டியிலிருந்து தப்பி வெளியே வந்தவன், உள்ளே சிக்கிய கன்னரை இழுக்கத் திரும்ப ஏறினான். அவரைக் கீழே இறக்கிவிட்டு மறுபடியும் ஏறி ரேடியோவில் தகவல் சொன்னான். இரண்டாவது சுற்றில் அவனுக்கும் அடி. பிறகு அவனுக்கு ஜார்ஜ் க்ராஸ் கொடுத்தார்கள். தன் கூட்டணியின் குண்டிலிருந்து தன் ஆளைக் காப்பாற்றியதற்கு இவ்வளவு பெரிய பதக்கம் என்பதை யோசித்தால் தலை சுற்றும். இரண்டாம் சுற்று முடிந்த பிறகுதான் வரைபடத்தின் அந்தக் கட்டத்துக்குள் நம் கவச வண்டிகள் இருக்கின்றன என்ற எச்சரிக்கை விமானிகளுக்கு வருகிறது. அதற்கப்புறம் அந்தப் பதிவில் கேட்கிற குரல்களை நான் எழுத மாட்டேன், கேட்டால் மறக்க முடியாது, அவ்வளவுதான். விமானிகள் நடைமுறைப்படிதான் செயல்பட்டார்கள் என்றது அமெரிக்க விசாரணை. சட்டவிரோதமான கொலை என்றார் 2007 மார்ச்சில் பிரிட்டிஷ் மரண விசாரணை அதிகாரி.

இதே நிறத்தில் ஒரு துணியை வாங்கிவிட்டு ஐந்து நட்சத்திரம் போட எனக்குக் கை வரவில்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் போடுவதும் நியாயமில்லை, துணி தன் வேலையைச் செய்துவிட்டது, நிறம் மேலே இருந்தவர் கண் வரை போய்ச் சேர்ந்தது. கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் கோளாறு.

இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைப்பவர்களுக்கு: அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், 1991 வளைகுடாப் போரில், பிப்ரவரி 26 அன்று, இதே ஏ-10 ரக விமானங்கள் பிரிட்டனின் வாரியர் கவச வண்டிகளைத் தாக்கி ஒன்பது பேரைக் கொன்றன. அந்தப் போரில் செத்த அமெரிக்க வீரர்களில் 35 பேர் தங்கள் தரப்புக் குண்டுக்கே பலி, போரில் அடிபட்டுச் செத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பாலைவனத்தில் இரவில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டாங்கியை வெப்பக் கண்ணாடியில், அதாவது சூட்டை உருவமாகக் காட்டுகிற கருவியில், பார்த்து அடிக்க முடிகிற காலம் அது. அடிக்கிற தூரம் எகிறிவிட்டது, இன்னார் என்று தெரிந்துகொள்கிற தூரம் கூடவே எகிறவில்லை. திரையில் தெரிவது ஒரு சூடான புள்ளி, அதற்குக் கொடி கிடையாது. அந்தப் போரிலேயே கூட்டணி வண்டிகளின் மேல் தலைகீழ் 'வி' குறி பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிற்பாடு வெப்பக் கண்ணாடியில் குளிர்ந்த சதுரமாகத் தெரிகிற தனிப் பேனல்களும் வந்தன. நம் நைலான் துணி அந்த ரகமல்ல, இதற்கு வெப்பக் கண்ணாடியில் தனி அடையாளம் கிடையாது, இதையும் வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் பூசுகிற வழக்கம் ஏன் வந்தது என்று பின்னால் போனால் இரண்டாம் உலகப் போர், 1943 ஜூலை, இத்தாலியின் சிசிலித் தீவு. ஜூலை 11 இரவு, அமெரிக்கப் பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 விமானங்கள் தங்கள் கப்பல்களுக்கும் தங்கள் தரைப்படைக்கும் மேலாகப் பறந்து வருகின்றன. கீழே இருப்பவர்கள் அன்று முழுக்க ஜெர்மன் விமானத் தாக்குதலில் நொந்துபோயிருக்கிறார்கள். நம் விமானங்கள் வரும், சுடாதே என்ற செய்தி எல்லா பீரங்கிக்காரர்களுக்கும் போய்ச் சேரவில்லை. முதல் வரிசை பத்திரமாகக் கடந்தது. பிறகு எங்கோ ஒரு துப்பாக்கி சுட ஆரம்பித்தது. அவ்வளவுதான், ஒருத்தன் சுட்டால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று பக்கத்தில் இருப்பவனும் சுடுவான், அவனைப் பார்த்து அடுத்தவன். 23 விமானங்கள் விழுந்தன. சேதத்தோடு தப்பியவை இன்னும் அதிகம்.

அந்த அனுபவம்தான், 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில் இறங்குவதற்கு முன்னால் நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடம்பிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாக வந்தது. மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. முன்கூட்டியே அடித்தால் ஜெர்மானியரும் காப்பியடித்துவிடுவார்கள் என்று கடைசி நேரம் வரை ரகசியமாக வைத்திருந்து, கையால், அவசர அவசரமாக அடித்தார்கள். பழைய படங்களில் பார்த்தால் கோடுகள் கோணல்மாணலாக இருக்கும். இந்த வரிசையில் என்னைக் கேட்டால் மிகச் சிறந்த தயாரிப்பு அதுதான், நம் பேனலை விட நூறு மடங்கு மேல். ஏன் என்றால் பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை, பட்டை போட்ட விமானம் நம்முடையது, சுடாதே என்று கீழே இருந்த ஒவ்வொரு பீரங்கிக்காரனுக்கும் சொல்லியும் வைத்தார்கள். அடுத்த மாதமே அதே நார்மண்டியில், ஜூலை 25 அன்று, அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இலக்கு தவறித் தங்கள் படை மேலேயே போட்டு 111 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் லெப்டினன்ட் ஜெனரல் லெஸ்லி மெக்னேர். முன்வரிசையைக் காட்டிய புகையும் தூசியும் காற்றில் நகர்ந்து வந்ததும் அதற்கு ஒரு காரணம். அடையாளம் நகர்ந்தால் குண்டும் கூடவே நகரும்.

"இதெல்லாம் துணி, பெயிண்ட் காலத்துக் கதை, இப்போதுதான் ஜி.பி.எஸ். வந்துவிட்டதே" என்று சிலர் எழுதுவார்கள். சரி, ஜி.பி.எஸ்ஸுக்கும் ஒரு ரிவ்யூ.

2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தான், காந்தகாருக்கு வடக்கே. அமெரிக்கச் சிறப்புப் படைக் குழு ஒன்று ஹமீத் கர்சாயின் ஆட்களோடு இருக்கிறது. விமானத் தாக்குதலுக்கு வழிகாட்டுகிற வீரர் கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் தாலிபான் நிலையின் இடக்குறியீட்டைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து பேட்டரி தீர்கிறது. மாற்றுகிறார். பேட்டரி மாற்றி உயிர் வந்ததும் அந்தக் கருவி பழைய இலக்கைக் காட்டாது, தான் இருக்கிற இடத்தைத்தான் காட்டும், அப்படித்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. திரையில் இருந்த எண்களை அப்படியே பி-52 விமானத்துக்குச் சொன்னார். ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள, செயற்கைக்கோள் வழிகாட்டும் குண்டு, கொஞ்சம்கூடக் குறி தப்பாமல், சொன்ன இடத்தில் வந்து விழுந்தது. அமெரிக்க வீரர்கள் மூன்று பேர், ஆப்கானியர்கள் பலர் செத்தார்கள். கர்சாய்க்குச் சின்னக் காயம். அதே நாளில்தான் ஜெர்மனியின் பான் நகரில் அவரை இடைக்கால ஆட்சிக்குத் தலைவராக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். 'இது இலக்கு', 'இது நீ' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி திரையில் இருந்திருந்தால் போதும். பயனர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று நம் ஆபீசில் சொல்கிற சால்ஜாப்பு எல்லாம் அங்கே 900 கிலோவாக விழும்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 2019 பிப்ரவரி 27. பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள் காலை, காஷ்மீர் எல்லையில் பாகிஸ்தான் விமானங்கள் வந்துபோகிற பரபரப்பு. ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய இந்திய விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் பட்காமில் விழுந்தது. உள்ளே இருந்த ஆறு விமானப்படையினரும் தரையில் இருந்த ஒரு பொதுஜனமும் இறந்தார்கள். எதிரி அடிக்கவில்லை. நம் ஏவுகணைதான் அடித்தது, அது பெரிய தவறு என்று அன்றைய விமானப்படைத் தளபதி பதௌரியா அந்த அக்டோபரில் ஒப்புக்கொண்டார். நீ நம்மாளா என்று தரையிலிருந்து மின்னலையில் கேட்டால், ஆமாம் என்று விமானம் தானாகப் பதில் சொல்கிற கருவி இருக்கிறது, ஐ.எஃப்.எஃப். என்பார்கள். அன்றைக்கு அது ஹெலிகாப்டரில் அணைந்திருந்தது என்று விசாரணை பற்றிய செய்திகளில் வந்தது. அந்தக் கருவியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பதில் வந்தால் நம்மாள் என்று உறுதி. பதில் வராவிட்டால் எதிரி என்று உறுதி இல்லை, பதில் வரவில்லை என்பது மட்டும்தான் உறுதி. தாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருக்கிற காலையில், கண் இமைக்கிற நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியவனுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

இத்தனையும் எழுதியதற்குக் காரணம், இந்தப் பேனலை விற்கிற பக்கங்களில் "இது இருந்தால் உங்களை யாரும் தவறவிட மாட்டார்கள்" என்கிற தொனியில் விளம்பரம் செய்கிறார்கள். தவறவிடுவார்கள். நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று தெரியாதவன் பார்த்தால் அது தார்ப்பாய், வத்தல், குப்பை. ஆரஞ்சுத் துணி விரித்திருப்பார்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவன் பார்த்தால் அது நீங்கள். அதே மதியம் இன்னொரு பையனிடம் வண்டி மேல் துணி கட்டியிருக்கிறோம், கண்டுபிடி என்று சொல்லிவிட்டுத் திரையைக் காட்டினோம். அதே உயரம், அதே வெயில், உடனே விரலை வைத்துவிட்டான்.

ஆக, மலைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை. துணி வாங்குங்கள். கிளம்பும் முன், எந்தப் பாதை, எப்போது திரும்புவோம், மாட்டிக்கொண்டால் ஆரஞ்சு பேனல் விரிப்போம் என்று வீட்டில் ஒருவரிடமும், அனுமதி வாங்குகிற வனத்துறை அலுவலகத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். இந்த இரண்டாவது பாதி இலவசம், ஆனால் முதல் பாதியை விட முக்கியம்.

எந்தப் பக்கம் மேலே? கரிசல் மண், பாறை, பச்சைப் புல் என்றால் ஆரஞ்சு. செம்மண் என்றால் திருப்பிப் போட்டு ரோஸ், ஆரஞ்சு அதில் கரைந்துவிடுகிறது. சருகு நிறைந்த காட்டில் இரண்டுமே சுமார்தான், மரத்தடி நிழலில் சுத்தமாக எடுபடவில்லை, வெட்டவெளியாகப் பார்த்து விரிக்க வேண்டும். சும்மா தரையில் விரிப்பதை விட, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் தூரத்திலிருந்து சட்டென்று கண்ணில் படுகிறது, அசைகிற பொருளைக் கண் விடாது. வெயிலில் நாள்கணக்காகப் போட்டால் நிறம் மங்குகிறது, பைக் பின்னால் அலங்காரத்துக்குக் கட்டிக்கொண்டு திரியாதீர்கள். வாஷிங் மெஷின் வேண்டாம், கையால் அலசினால் போதும்.

மதிப்பெண்: துணிக்கு 4, தையலுக்கு 2, விளம்பர வாசகத்துக்கு 0. மொத்தமாக ஐந்துக்கு மூன்று.

இரவில் உதவுமா என்று கேட்பவர்களுக்கு: உதவாது. இது தானாக ஒளிர்கிற துணி அல்ல, பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பளிச்சிடும். இருட்டுக்கு டார்ச்சும் விசிலும் வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி மாற்றினால் டார்ச் எந்த மோடில் எரிய ஆரம்பிக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.